சுவரோரத் தண்ணீர்

அந்த வீடு களிமண்மேல் நின்றது. மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கிப் பாளம் பாளமாய் வெடிக்கிற மண். அதனால் கோடை முழுவதும், சாயங்காலமானால் அஸ்திவாரத்தைச் சுற்றித் தண்ணீர் விடுவது அப்பாவின் வழக்கம். அவர் படுக்கையில் விழுந்ததும் அந்த வேலை தங்கை தலையில் விழுந்தது. அண்ணன் ஒருநாளும் குழாயைத் தொட்டதில்லை.

"சுவரு என்ன முளைக்கவா போகுது?" என்று கிண்டலடிப்பான். அப்பா கண்ணை மூடிய கையோடு, "ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு இவ்ளோ பெரிய வீடு?" என்று அவளை வெளியே அனுப்பினான்.

அவள் சண்டை போடவில்லை. நாலு தெரு தள்ளி ஓர் அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, வயிறெரியக் கோடைக்காகக் காத்திருந்தாள். கோடை வந்தது. மேற்குப் பக்கம் மண் சுருங்கி அஸ்திவாரம் இறங்கியது. படுக்கையறைச் சுவரில் விரல் நுழையும் விரிசல். கதவைச் சாத்த முடியவில்லை. கேள்விப்பட்ட அன்றுதான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அண்ணனுக்குத் தான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. அவளைத் தேடி வந்தான்.

"என்ன இருந்தாலும் நீ கூடப்பொறந்தவ. மேற்குப் பாதிய நீயே வச்சுக்கம்மா, எழுதிக் குடுத்துடறேன்."

"இந்த மனசு யாருக்குண்ணா வரும்?" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பத்திரம் பதிவான அன்றே குழாயைத் திறந்தாள். பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக. மழையும் சேர்ந்துகொள்ள மண் உப்பி, விரிசல் மயிரிழையானது.

கிழக்குப் பாதி மட்டும் எப்படித் தப்பித்தது என்று அண்ணனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அவன் வீட்டுச் சமையலறைத் தண்ணீர் கிழக்குச் சுவரோரம்தான் ஊறிக்கொண்டிருந்தது.

"ஒரே கொசுண்ணா. பைப் போட்டு அந்தத் தண்ணிய தெருச் சாக்கடைல விட்டுடேன்."

"நல்லதுக்குத்தானே சொல்ற" என்று அவன் ஆள் வைத்துச் செய்தான். நடுச்சுவர் இருவருக்கும் பொது. அவன் பாதி இறங்கினால் அவளுக்கும் சேதம்தான். இறங்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

அடுத்த கோடையில் அவன் முகம் வெளுத்து ஓடி வந்தான்.

"சுவரு பொளந்துகிட்டே போகுதும்மா! உன் பக்கம் மட்டும் எப்படி நிக்குது? நீ தெனம் தண்ணி விடறியே, நானும் விடணுமா?"

அவள் குழாயை மூடி, ரப்பர் ஹோஸைச் சுருட்டி வைத்தாள்.

"எதுக்குண்ணா? சுவரு என்ன முளைக்கவா போகுது?"