ஏரிமேல் எண்ணெய்

விஸ்கான்சினின் வடக்கே ஏரி உறைந்து கல்லாகிப் போகும் பிப்ரவரியில், ஞாயிறுதோறும் அதன்மேல் கார் பந்தயம் நடக்கும். வரும் கார்களைக் குனிந்து பார்த்து, ஓடலாம், ஓடக்கூடாது என்று சொல்லும் வேலை அர்டித் ஸ்வான்லண்டுடையது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். பந்தயம் நடத்தும் மன்றத்தில் யாருக்கும் அவள்மேல் பெரிய பிரியம் கிடையாது. ஆனால் அவள் வேண்டாம் என்று சொன்ன காருக்காக யாரும் வழக்காடியதும் கிடையாது.

அன்று முதல் சுற்று முடிந்ததும், கார்கள் காலையில் வரிசைகட்டி நின்ற இடத்தை அவள் நடந்து பார்த்தாள். ஓரிடத்தில் பனிக்கட்டிமேல் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பாக எண்ணெய் கிடந்தது. அது அவள் தம்பி வெர்லினின் கார் நின்ற இடம். ஏரியில் எண்ணெய் சிந்தினால் அடுத்த வருடம் மாவட்டம் அனுமதி தராது. மன்றத்தையே மூட வேண்டியதுதான். அவள் நேராகத் தம்பியிடம் போனாள்.

"வெர்ன், வண்டிய ஓரங்கட்டு. எண்ணெய் ஒழுகுது. சரி பண்ணாம கடைசிச் சுத்துக்கு விட முடியாது."

வெர்லின் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"அன்னிக்கு அப்பாகிட்ட சாவியப் பிடுங்கின. இன்னிக்கு எங்கிட்டயா?"

இரண்டு குளிர்காலமாக அவன் அவளிடம் நேராகப் பேசியதில்லை. அவர்கள் அப்பா எமரிக்கு அப்போதே கண் மங்கத் தொடங்கியிருந்தது. ஒருநாள் பக்கத்துத் தோட்டத்து வேலிக்குள் காரை விட்டார். அர்டித் அரசு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, அவருடைய ஓட்டுநர் உரிமத்தை ரத்துசெய்ய வைத்தாள், சாவியையும் வாங்கிக்கொண்டாள். மறுநாளே எமரி மூட்டையைக் கட்டிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போனவர்தான். அதற்குப் பிறகு மகள் முகத்தில் விழிக்கவில்லை.

அர்டித், கடைசிச் சுற்றுக்கு முன் சரிசெய்து காட்டினால் ஓடலாம் என்று மட்டும் சொன்னாள்.

வெர்லின் காரை ஜாக்கியில் தூக்கிக் கீழே ஊர்ந்து போனான். இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பின் பேக்கிங்தான் காரணம் என்பது அவன் முடிவு. கிறிஸ்துமஸுக்கு முன்பே அதை மாற்றியிருந்தான். போன வாரம் போல்ட்டுகளை இன்னொரு முறை முடுக்கியிருந்தான். இருந்தும் இன்ஜினின் முன்னாலிருந்து பின்னால்வரை அடிப்பக்கம் முழுக்க எண்ணெய் நனைந்து கிடந்தது. எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

பக்கத்துக் கார்க்காரன் ரோலி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். வெர்லினைப் பல வருடமாகத் தோற்கடித்தும், அவனிடம் தோற்றும் வருபவன். "பேக்கிங் மாத்தினதுக்கு அடியில ஒரு வாளியக் கட்டி விட்ருக்கலாம்டா" என்றான்.

உதவுவது அர்டித்தின் வேலையில்லை. போகத்தான் திரும்பினாள். ஆனால் ஒரு விஷயம் அவள் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. கார் நின்ற இடத்தில் அவ்வளவு எண்ணெய், ஓடிய பாதையிலோ ஒரு சொட்டு இல்லை. திரும்பி வந்து, ஒழுகலை எப்போது தேடுவாய் என்று கேட்டாள். பந்தயம் முடிந்து வீட்டுக்குப் போனதும் என்றான் அவன்.

"இன்ஜின் சூடா இருக்கும்போதா?"

"சூடா இருந்தாத்தானே ஒழுகும்?"

"இது அப்படி இல்ல. ஆறிப்போன இன்ஜினக் கிளப்பும்போதுதான் ஒழுகுது. காத்துல பின்னாடி அடிச்சுட்டுப் போய் எல்லா இடத்துலயும் பூசுது. நீ சம்ப்பையே பாத்துக்கிட்டு இருக்க."

வெர்லின் காரின் அடியிலிருந்து கையை நீட்டினான். துடைக்கத் துணி கேட்டான்.

அடிப்பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்தார்கள். பானெட்டைத் திறந்து போட்டு, இன்ஜின் ஆறட்டும் என்று விட்டார்கள். மதிய இடைவேளை நீளமானதுதான், காற்றும் எலும்பைக் குடைந்தது. வெர்லின் முதலில் தன் டிரெய்லரின் விளிம்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கடைசியில் குளிர் தாங்காமல் அர்டித்தின் பிக்கப்புக்குள் வந்து ஏறினான். அவள் மான்கறித் தொத்திறைச்சி வைத்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினாள். வாங்கிக்கொண்டான். தின்று முடிக்கும்வரை இருவரும் கண்ணாடி வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா எப்படி இருக்கிறார் என்று அவள் கேட்டாள். இடதுகண் அநேகமாகப் போய்விட்டது, பேப்பரை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன் என்றான். அப்புறம் கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டினான்.

"ஒன்னு சொல்றேன். நீ போன் பண்றதுக்கு முன்னாடியே அவர் ஓட்டக்கூடாதுன்னு நான் அவர் கார் பேட்டரி வயரக் கழட்டி விட்டுட்டேன்."

அர்டித் திரும்பிப் பார்த்தாள்.

"அவரே கண்டுபிடிச்சு வயரத் திரும்ப மாட்டிட்டாரு. மறுபடி கழட்டினேன், மறுபடி மாட்டினாரு. அப்புறம்தான் அந்த வேலி."

"அவர்கிட்ட சொன்னியா?"

"இல்ல. அதுக்குள்ள நீ போன் பண்ணிட்ட. கோவமெல்லாம் உன் பக்கம் திரும்பிடுச்சு. நானும் விட்டுட்டேன்."

தனக்குக் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. களைப்பாகத்தான் இருந்தது. சரி, வண்டி ஆறியிருக்கும், வா என்று கதவைத் திறந்தாள்.

இன்ஜின் பனிக்கட்டியாய்க் கிடந்தது. ரோலியிடமிருந்து காலுக்குப் போடும் பவுடரை வாங்கி அடிப்பக்கம் எங்கும் தூவினார்கள். எல்லாம் மாவு பூசியது போல வெளுத்தது. வெர்லின் இன்ஜினைக் கிளப்ப, அர்டித் ஒரு கம்பளத் துண்டை விரித்துக் கீழே படுத்தாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு முன்பக்கம், இன்ஜினிலிருந்து ஆயில் கூலருக்கு எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் ஒன்றில், ரப்பரை உலோகக் குழாயோடு இறுக்கிக் கவ்வியிருந்த வளையத்தின் அடியில், பவுடர் ஈரமாகியது. ஒரு துளி திரண்டது, விழுந்தது. உடனே அடுத்தது. குளிரில் எண்ணெய் கெட்டியாகி அழுத்தம் ஏறுகிறது, ரப்பரும் சுருங்கி இடம்விடுகிறது. சூடேறியதும் ரப்பர் விரிந்து தானாக அடைத்துக்கொள்கிறது. சம்ப்பைச் சுற்றித் தூவிய பவுடர் அப்படியே வெள்ளையாக இருந்தது.

வெர்லினும் படுத்துப் பார்த்தான். வளையத்துக்கு மேலே ஒரு கிளிப் போட்டு முடுக்கிவிடலாமே என்றான்.

"அதுல கிளிப் நிக்காது. நின்னாலும் நான் விட மாட்டேன்."

புது ஹோஸுக்கு எங்கே போவது? யோசித்தவன் வெர்லின்தான். இந்தக் குளிரில் எண்ணெயை வேறு குளிர்விப்பானேன் என்று, கூலருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் கழற்றிவிட்டு, இன்ஜின் பக்கத்துக் குழாய்முனைகள் இரண்டையும் ஒரு சிறு துண்டு ஹோஸால் இணைத்துவிடுகிறேன் என்றான். கூலருக்கே போகாமல் எண்ணெய் அங்கேயே திரும்பிவிடும். எண்ணெய் தாங்கும் கெட்டி ஹோஸ் ரோலியின் பெட்டியில் இருந்தது. "இத வச்சு என்னையே ஜெயிச்சிராதடா" என்று சொல்லித்தான் கொடுத்தான்.

தகரத்தட்டு வைத்து வடிந்த எண்ணெயைப் பிடித்தார்கள். வெர்லின் முனைகளைத் துடைத்து, துண்டைச் செருகி, பக்கத்துக்கு இரண்டு கிளிப்பாகப் போட்டு முடுக்கினான். குறைந்த எண்ணெயை ஊற்றி நிரப்பினான். அர்டித் மறுபடி பவுடர் தூவிக் கீழே படுத்தாள். இன்ஜின் உறுமியது. அவள் அவசரப்படவில்லை, ரோலி கூடப் பொறுமையிழந்து காலை மாற்றி மாற்றி நின்றான். பவுடர் நனையவே இல்லை. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, ஓடலாம் என்றாள்.

கடைசிச் சுற்றில் வெர்லின் ஐந்தாவதாக வந்தான். வளைவில் ரோலியை முந்தப் பார்த்துப் பனிமேட்டில் செருகிக்கொண்டதுதான் காரணம். எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பந்தயம் முடிந்ததும் அவன் நின்ற இடத்தை அர்டித் போய்ப் பார்த்தாள். பனிக்கட்டி சுத்தமாக இருந்தது. காலையில் சிந்திய இடத்தை இருவருமாகக் கோடாலியால் கொத்திப் பெயர்த்து வாளியில் அள்ளினார்கள்.

காரை டிரெய்லரில் ஏற்றும்போது வெர்லின் சொன்னான்: "நாளைக்கு அப்பாகிட்ட பேட்டரி விஷயத்தச் சொல்லிடறேன். வியாழக்கிழமை சாப்பாட்டுக்கு வா. அவர் பேசுவாருன்னு நான் சொல்லல."

வியாழனன்று அவள் போனாள். எமரி மேசையின் கோடியில், சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெர்லின் பேட்டரி விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. அவனோடும் அவர் பேச்சை நிறுத்தியிருந்தார். மூவரும் மாட்டிறைச்சிக் குழம்பைச் சாப்பிட்டார்கள். அர்டித் தட்டைத் தள்ளி வைத்தபோது, கிழவர் சன்னலைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கச் சொல்லு அவள."

சன்னலுக்குச் சொன்னது போல இருந்தது. வெர்லின் கரண்டியை எடுத்தான்.