யெய்சனின் தலையாட்டல்

முதல் விரலை யெய்சன் ஏற்றதாகச் சரித்திரமே இல்லை. பேஸ்பாலில் எந்தப் பந்து வேண்டுமென்று, மட்டைக்காரனுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கிற கேட்சர் குந்தியபடி விரலால் காட்டுவார். பந்து வீசுகிற பிட்சர் சம்மதிப்பான், அல்லது தலையாட்டி மறுப்பான். யெய்சன் மறுப்பான். தோளில் வேகம் இருந்தது, கழுத்துக்கு மேலே சீவிவிட்ட முடி இருந்தது, அவ்வளவுதான். அடுத்தவன் பேச்சைக் கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று நினைக்கிற ஜென்மம்.

கேட்சர் பாவ்லினோ இதை முதல் வாரமே கண்டுகொண்டார். அன்றிலிருந்து வேண்டாத பந்தையே முதலில் காட்டினார். பயல் கம்பீரமாக மறுப்பான். பிறகு வேண்டியதைக் காட்டுவார். தானே கண்டுபிடித்ததுபோல் அதை வீசுவான்.

பாவ்லினோவுக்கு வயது முப்பத்தெட்டு, முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இந்தப் பருவம் நன்றாக ஆடினால்தான் அடுத்த வருஷம் இடம் என்று மேனேஜர் செசாரியோ முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை சான் பெத்ரோ மைதானம் நிரம்பி வழிந்தது. எட்டு இன்னிங்ஸ் தனியாளாக வீசி யெய்சன் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. கடைசியான ஒன்பதாவதில் இன்னும் ஒருவனை வெளியேற்றினால் போதும். ஆனால் மட்டையோடு நிற்பவன் வேகப்பந்தை அல்வா மாதிரி சாப்பிடுகிறவன். பாவ்லினோ வேகப்பந்தையே காட்டினார். யெய்சன் யோசித்தான். அமெரிக்காவிலிருந்து ஆள் பொறுக்க வந்தவர்கள் வேகமானியோடு உட்கார்ந்திருந்தார்கள், வேகம் காட்டினால் மயங்கிவிடுவார்கள். சனியன் இன்றைக்குப் பார்த்து சம்மதித்துத் தொலைக்கப்போகிறானோ என்று பாவ்லினோ சாமியை வேண்டிக்கொண்டார். நல்லவேளை, ஆணவம் ஜெயித்தது. மறுத்தான். வளைந்து இறங்கிய பந்தில் மட்டை காற்றைத்தான் அடித்தது.

ஜெயித்த பிட்சர் முதலில் கேட்சரைக் கட்டிப்பிடிப்பது வழக்கம். விரித்த கைகளைத் தாண்டி யெய்சன் வானொலிக்காரனிடம் ஓடினான்.

“பெருசு முதல்ல காட்டின பந்துல ஒண்ணைக்கூட நான் போடல. போட்டிருந்தா இன்னிக்கு நாறியிருக்கும். மூளை என்னுது, அவரு வெறும் கையுறை!”

முதல் இரண்டு வாக்கியங்களும் சத்தியமான உண்மை. மூன்றாவதைப் பாவ்லினோ மறுத்திருந்தால் கிழவனின் பொறாமை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

“அடுத்த வெள்ளிக்கிழமை வில்மர் பிடிக்கட்டும்னு யெய்சன் கேக்கறான்,” என்றார் செசாரியோ, கண்ணைப் பார்க்காமல். “முதலாளியும் சரின்னுட்டாரு.”

இரண்டாவது கேட்சரான வில்மர் யெய்சனின் சிநேகிதன், நல்ல பையன். “அண்ணே, அவனுக்கு எப்படிக் காட்டணும்?” என்று வந்து கேட்டான்.

“சரியான பந்து எதுவோ அதையே முதல்ல காட்டு. அவ்வளவு பெரிய மேதைக்கு அது போதாதா?”

அடுத்த வெள்ளிக்கிழமை பாவ்லினோ பெஞ்சில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். வில்மர் சரியாகக் காட்டினான், யெய்சன் மறுத்தான், பந்து வேலிக்கு வெளியே போனது. இரண்டாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் எதிரணிக்கு ஆறு ரன். ஜனம் யெய்சனின் அம்மாவை விசாரிக்க ஆரம்பித்துவிட்டது.

“பாவ்லினோ, கவசத்தை மாட்டு!” என்று கத்தினார் செசாரியோ.

“இன்னிக்கு மட்டுமா, அடுத்த வருஷமுமா?”

செசாரியோ ரன் பலகையைப் பார்த்தார். “ரெண்டும்தான்யா. எந்திரி!”

பாவ்லினோ நிதானமாக விதைத் தோலைத் துப்பிவிட்டு, பிட்சர் நிற்கும் மேட்டுக்கு நடந்தார். யெய்சனுக்குக் கண் கலங்கியிருந்தது.

“மூளை சௌக்கியமா தம்பி?”

திரும்பி வந்து குந்தி, வேண்டாத பந்தைக் காட்டினார். யெய்சன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கம்பீரமாகத் தலையாட்டி மறுத்தான்.