ஏணிப் பக்கத்துச் சாம்பல்

தம்பி போனபோது அண்ணன்காரன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. துக்கம் சொல்ல வந்த விமானப்படை அதிகாரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இயந்திரம் எப்படிக் கைவிட்டது, தம்பி கடைசிவரை எப்படிப் போராடினான் என்று தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தார். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு இந்த மனுஷன் கேட்ட ஒரே கேள்வி: அந்த விமானத்துக்கு எந்தச் சாம்பல் அடித்திருந்தார்கள், பெயிண்ட் நம்பர் கிடைக்குமா? அதிகாரி விழித்தார். கூடியிருந்த சொந்தக்காரர்கள் இவனுக்கு நெஞ்சா கல்லா என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்கள்.

கல்லெல்லாம் இல்லை. மரத்துப்போயிருந்தான், அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஓய்வு கிடைத்தால் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு விமானம் செய்வான். தம்பியே தான் ஓட்டுகிற விமானத்தின் துண்டுகள் அடங்கிய ஒரு பெட்டியை வாங்கி வந்து, "என் வண்டிய செஞ்சு குடுண்ணா" என்று மேஜையில் போட்டுவிட்டுப் போயிருந்தான். பிரிக்காத அந்தப் பெட்டியைத் தம்பி மனைவி ஒருநாள் மாடியிலிருந்து பார்த்தாள். இறங்கி வந்து, "அதை முடிச்சுக் குடுங்க மாமா. அவர் ஓட்டின அதே விமானமா இருக்கணும்" என்றாள். மாதக் கடைசியில் அவள் தன் அம்மா வீட்டோடு போய்விடப் போகிறாள். அவள் இந்த வீட்டில் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

பிடித்துக்கொண்டான் பாருங்கள், குரங்குப் பிடி! பெட்டிக்குள் இருந்த குறிப்பு ஒரு சாம்பலைச் சொன்னது. பெயிண்ட் கம்பெனி அதே பெயரில் இன்னொரு சாம்பலை விற்றது. அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்தை நம்பலாமா என்றால், அதற்குக் கதவுக்கு அடிக்கிற பெயிண்டை அடித்திருப்பதாக இணையத்தில் இருந்த விமானப் பைத்தியங்கள் அடித்துக்கொண்டார்கள். மத்தியான வெயிலில் எடுத்த படத்தில் வெளுப்பு, மழைநாள் படத்தில் நீலம். போதாததற்கு, பொருள் சிறிதாகும்போது நிறத்தையும் கொஞ்சம் வெளுக்க வைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பொம்மை இருட்டாகத் தெரியுமாம்.

ஒவ்வொரு சாம்பலையும் கலந்து பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் அடித்துப் பார்த்தான். ஜன்னலோரம் தெர்மாகோலில் ஸ்பூன்கள் வரிசையாகக் குத்தி நின்றன. எந்தக் கல்யாணப் பந்திக்கு இத்தனை ஸ்பூன் என்று பெண்டாட்டி கேலி பேசிப் பார்த்தாள். பிறகு அதட்டிப் பார்த்தாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் சரி, துக்கம் விசாரிக்க யாராவது போன் செய்தாலும் சரி, அவனிடம் ஒரே பதில்தான்.

"கலர் பாக்கறேன்."

கடையில் ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துச் சோதித்து அனுப்புகிறவன். தம்பியின் விமானப் படங்களில் ஒரு விஷயம் அவன் கண்ணிலும் பட்டது. விமானி உட்காரும் இடத்துக்குக் கீழே, ஏணி சாய்க்கிற இடத்தில், சின்னதாகக் கருத்த ஒரு திட்டு. ஒரு படத்தில் நிழல் என்று நினைத்தான். இன்னொரு படத்தில் பிரிண்டில் பட்ட கறை என்றான். மூன்றாவது படத்திலும் இருந்தது. ஆனால் பெட்டியோடு வந்த வண்ண அட்டவணையில் அப்படி ஒரு திட்டு இல்லை. அட்டவணைதானே வேதவாக்கு? அந்த இடத்தையும் மற்ற இடத்தைப் போலவே ஒரே சீராக, தூசி விழாமல், அடித்து முடித்தான்.

அவள் கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் விமானத்தை மாடிக்கு எடுத்துப் போனான். அறையில் பெட்டிகள் கட்டிக் கிடந்தன. அவள் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, மூக்கிலிருந்து வால்வரை நிதானமாகப் பார்த்தாள். நிறம் சரியாக இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றாள். பிறகு ஏணிப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"கை எங்க மாமா?"

அவனுக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். குடும்பத்தாரை விமானதளத்துக்குக் கூப்பிட்ட அன்று அவர் காட்டினாராம். ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் இடது உள்ளங்கையை அங்கே வைத்து ஒரு நிமிஷம் நிற்பாராம். எத்தனை தடவை பெயிண்ட் அடித்தாலும் உங்கள் கை அழுக்காக்கிவிடுகிறது என்று மெக்கானிக்குகள் அவரைக் கிண்டல் செய்வார்களாம்.

"படத்துல பாத்தேம்மா. கறைன்னு நெனச்சேன்."

அவள் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படி திரும்பற இடத்துச் சுவர்லயும் இருந்துச்சு. நீங்க பெயிண்ட் அடிச்ச அன்னிக்கு நான் மேலதான் நின்னேன். வேணாம்னு சொல்ல வந்தேன். வாய் வரல." சொல்லிவிட்டு விமானத்தை அவன் கையில் கொடுத்தாள். "இதுலயாவது போட்டுக் குடுங்க."

பெயிண்டையும் தூரிகையையும் எடுத்து வந்தான். அட்டவணை இல்லை, படம் இல்லை. அவள் இன்னும் கொஞ்சம் கருப்பு என்றாள், கொஞ்சம் கீழே என்றாள், போதும் என்றாள். நாள்கணக்கில் தேடிய நிறம் கால் மணி நேரத்தில் முடிந்தது. திட்டு ஒரு மிளகளவுதான் இருந்தது. அவள் அதைக் காயவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கீழே இறங்கும்போது படி திரும்பும் இடத்தில் அவன் கால் நின்றது. சின்ன வயதிலிருந்தே தம்பி இரண்டிரண்டு படியாகக் குதித்து வந்து, இங்கே சுவரில் ஒரு கை ஊன்றித்தான் திரும்புவான். அம்மா திட்டாத நாள் கிடையாது. அந்த எண்ணெய்க் கறை வீட்டுக்கே பழகிப்போன ஒன்று. துக்கம் கேட்க நாலு பேர் வருவார்களே, பார்க்க நன்றாக இருக்க வேண்டாமா என்று அண்ணன்காரன்தான் வெள்ளை அடித்தான்.

நகத்தால் சுரண்டினான். பிறகு சாவியால் சுரண்டினான். வெள்ளைக்குக் கீழே பிரைமர் வந்தது. பிரைமருக்குக் கீழே பட்டி வந்தது. அதற்கும் கீழே வெறும் சிமெண்ட். எதையும் அரைகுறையாகச் செய்யாதவன் அல்லவா, பாவி! அன்றைக்கு உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் அடித்திருந்தான்.

படியில் சிமெண்ட் தூள் உதிர்ந்து கிடந்தது. என்ன சத்தம் அங்கே என்று சமையலறையிலிருந்து பெண்டாட்டி கேட்டாள்.

"கலர் பாக்கறேன்" என்றான். சுவரைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து அழுதான்.