எஸ்மத்தின் கம்பளம் காயவில்லை

ஹெதாயத்தின் சலவைப் பட்டறை மொட்டைமாடியில் தொங்கும் கம்பளம் ஒன்பது ஆண்டுகளாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. இஸ்பஹான் வெயிலில் எப்பேர்ப்பட்ட கம்பளமும் இரண்டு நாளில் காய்ந்துவிடும். ஹெதாயத் கழுவியது என்றால் நேரம்கூடச் சொல்லலாம்: குழாயை இரண்டு திருகு திறந்தால் மறுநாள் மதியம், மூன்று திருகென்றால் அதற்கடுத்த நாள் காலை. தண்ணீர் குறைந்தால் சோப்பு அடியில் தங்கிவிடும். கூடினால் பருத்தி நூல் ஊறி நாறும். இடைப்பட்ட அந்த அளவு அவருடைய கட்டைவிரலில் இருந்தது. அவர் சொன்ன நேரத்தை நம்பிப் பெண் பார்க்கும் நாளைக் குறித்தவர்கள் உண்டு. அந்தக் கர்வம் மனிதருக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

நவ்ரூஸ் புத்தாண்டுக்கு மூன்று வாரம் முன்பு அவருடைய தங்கை எஸ்மத் அந்தக் கம்பளத்தைக் கொண்டுவந்தாள். அவள் கணவன் ஜலால் இரண்டு வருடம் அதில்தான் படுத்துக் கிடந்து இறந்தான். புகையிலையும் ஆரஞ்சுத் தோலும் கலந்த அவன் வாசனை அதில் மிச்சமிருந்தது. அழுக்குக் கம்பளத்தோடு புத்தாண்டு பிறக்கக் கூடாது என்று மாமியார் பிடித்த பிடியில்தான் வந்திருந்தாள்.

“அண்ணே, பேருக்குக் கொஞ்சம் தண்ணி தெளிச்சுக் குடு. அவரு வாசம் போயிடக் கூடாது.”

“தெளிச்சுக் குடுக்க நான் என்ன பூக்கடையா வச்சிருக்கேன்? ஊரே சிரிக்கும்டி.”

“சிரிக்கட்டும். எனக்கு வேற என்ன மிச்சம் இருக்கு?”

சரி என்றுதான் சொன்னார். ஆனால் மரத்துடுப்பால் ஒரு தள்ளு தள்ளியதும் தண்ணீர் கறுப்பாக வந்தது. அதைப் பார்த்த பிறகு நிறுத்த அவர் கைக்குத் தெரியவில்லை. மூன்று திருகு, நான்கு, கடைசியில் முழுக் குழாய். தண்ணீர் தெளியும்வரை விடவில்லை. ஜலால் சாக்கடை வழியாகப் போய்ச் சேர்ந்தான்.

மறுநாள் எஸ்மத் ஈரக் கம்பளத்தில் முகத்தைப் புதைத்து முகர்ந்தாள். அவர் வாய் கூசாமல், “காஞ்சா வாசம் தானா வந்துடும், நாளைக்கு மதியம் வா” என்றார்.

“காயட்டும். மோந்து பாத்துட்டு எடுத்துக்கறேன்” என்றாள். அதன் பிறகு அவரோடு அவள் பேசவேயில்லை.

கம்பளம் காயவில்லை. சுழல் எந்திரத்தில் மூன்று முறை பிழிந்தார்கள். ராட்சத மின்விசிறி வைத்ததில் விசிறிதான் எரிந்தது. சொன்ன நேரம் தவறிய பட்டறைக்கு ஆட்கள் வருவது குறைந்து, ஐந்தாம் ஆண்டு அடியோடு நின்றது. அதே ஆண்டு ஊர் ஆறும் வற்றி, பாலத்தடிப் படகுகள் வெடித்த சேற்றில் உட்கார்ந்தன. கம்பளம் மட்டும் சொட்டியது. கீழே தொட்டி கட்டினார்கள்; நகராட்சி குழாய் வைத்து, தண்ணீர் பிடிக்க வந்த வரிசைக்கு எண் கொடுத்தது. குழாயைத் திறந்து மூடும் வேலை ஹெதாயத்துக்கு. ஒரு குடத்துக்கு எத்தனை திருகு என்று அவர் கட்டைவிரலுக்கு இன்னும் தெரியும்.

செவ்வாய்தோறும் எஸ்மத்தும் வரிசையில் நிற்கிறாள். முறை வந்ததும் குடத்தை நீட்டுகிறாள், அவர் நிரப்புகிறார். குனிந்து முகர்ந்து பார்க்கிறாள். பிறகு அத்தனை தண்ணீரையும் தெருவில் கொட்டிவிட்டு வெறுங்குடத்தோடு போகிறாள். இந்த வறட்சியிலும் வரிசையில் நிற்கும் யாரும் அவளை ஒன்றும் சொல்வதில்லை. ஹெதாயத் அடுத்த எண்ணைக் கூப்பிடுகிறார்.