ஆபீசருக்கு விட்ட இடம்

சூசையப்பர் நகருக்கு பஸ் விட்ட நாளிலிருந்து செல்வமேரிக்கு ஒரே பயம்தான். வந்தது போய்விடக் கூடாது.

சோதனை ஓட்டம் என்று சொல்லித்தான் விட்டிருந்தார்கள். முடிச்சூர் ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே நுழையும் குண்டும் குழியுமான பாதையில் ஒரு குட்டி பஸ், நகரிலிருந்து தாம்பரம் மேற்கு வரை. நஷ்டம் வந்தால் அரசாங்கம் ஈடுகட்டும், ஆனால் கொஞ்ச நாள் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள் என்று தொடக்க விழாவில் மைக்கில் சொன்னார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் அந்த 'பார்த்துவிட்டு' என்ற சொல்லை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அவள் புருஷன் சவுரிமுத்துவுக்கு வலது முட்டி மடங்காது. பைக்கிலிருந்து விழுந்ததில் உள்ளே கம்பி வைத்தார்கள்; கால் நீட்டியபடியே நின்றுவிட்டது. முட்டியோடு முட்டி இடிக்க உட்காரும் ஷேர் ஆட்டோவில் அந்தக் காலுக்கு இடமில்லை. தினமும் தனி ஆட்டோ பிடிக்க வசதியுமில்லை. வீட்டிலேயே கிடந்தான். டிவியைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். பஸ் வந்த பிறகுதான், மோட்டாருக்குக் காயில் கட்டும் பழைய கடைக்கு மறுபடி போனான். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் காலை நடைபாதைப் பக்கம் நீட்டி உட்கார்வான். சாயங்காலம் வார்னிஷ் வாசனையோடு வீடு திரும்புவான். கடையில் யார் என்ன சொன்னார்கள் என்று சாப்பிடும்போது பேசுவான். அவன் பேசியதையே அவள் மறந்து போயிருந்தாள்.

டிரைவர் ஜீவானந்தம்தான் செய்தி கொண்டுவந்தான்.

"யக்கா, வியாழக்கிழமை காலைல ஆபீஸ்லேர்ந்து ஒரு மேடம் வராங்களாம். வண்டியப் பாத்து எய்திகினு போவாங்களாம். அதுக்கப்புறம்தான் வண்டி கீதா இல்லியான்னு தெரியும்."

"இன்னா எய்துவாங்க?"

"அத்த என்கிட்ட சொல்லுவாங்களா? நான் வண்டி ஓட்றவன்."

செல்வமேரி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். போன மாதம் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போன ஒருவன் விழுந்து, போலீஸ் வந்து, நாலைந்து நாள் பஸ்ஸை நிறுத்தி வைத்தார்கள். அந்த நாட்களில் சவுரிமுத்து மறுபடி சுவரைப் பார்க்கத் தொடங்கியதை அவள் கண்டாள். கூட்டம்தான் பஸ்ஸுக்கு எமன் என்று அவள் மனதில் பதிந்துவிட்டது.

புதன்கிழமை, தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஜெபமாலை முடிந்ததும் எழுந்து நின்று சொன்னாள்.

"நாளைக்குக் காலைல யாரும் பஸ்ல ஏறாதீங்க. எல்லாம் கரீம் பாய் ஷேர் ஆட்டோல போயிடுங்க."

"இன்னாக்கா, ஆபீசருக்கு மட்டும் ஸ்பெஷல் வண்டியா?" என்றாள் பக்கத்து வீட்டு ஷீலா.

"ஒரு நாள்தாண்டி. அந்தம்மா வர்றப்ப எல்லாம் பிதுங்கிகினு நின்னா இன்னா நெனைக்கும்? இந்த ஜனத்துக்கு பஸ் ஒரு கேடான்னு நிறுத்திடும். வூட்டுக்கு விருந்தாளி வந்தா நாமளா மொதல்ல குந்திகினு துன்றோம்?"

"அது நாயம்" என்றாள் மூத்தவளான ஞானம்மாள். "வர்றவங்க குந்த எடமாவது வோணும்ல."

"கரீம் பாய்க்குத்தான் நாளைக்கு பெருநாளு" என்று ஷீலா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். செல்வமேரி சொன்னால் நகரில் மறுபேச்சு இருக்காது.

வியாழக்கிழமை பஸ்ஸில் வந்தவள் சின்னப் பெண். ஸ்ம்ருதி என்று அட்டை கழுத்தில் தொங்கியது, கையில் டேப்லெட். நிறுத்தத்தில் செல்வமேரியும் சவுரிமுத்துவும் மட்டும் நின்றார்கள். ஜீவானந்தம் எட்டிப் பார்த்தான்.

"எங்கக்கா ஜனத்தையே காணோம்?"

அவள் கண்ணைக் காட்டி அவனை அடக்கினாள். சவுரிமுத்து தன் சீட்டில் காலை நீட்டிக்கொண்டான். பஸ் கிளம்பியது. பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள் செல்வமேரி. அந்தப் பெண் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டாள்.

"இந்த டைம்ல எப்பவும் இவ்ளோதான் வருவாங்களா?"

"எப்பவும் இப்படித்தான் மேடம். ஒரு தள்ளுமுள்ளு கெடையாது. எங்க ஜனம் அடக்கமான ஜனம்."

ஸ்ம்ருதி டேப்லெட்டில் எதையோ தொட்டாள். பிறகு, வருத்தத்தோடுதான் சொன்னாள்:

"பஸ்ஸ நல்லா வெச்சிருக்கீங்கக்கா. ஆனா ரெண்டு பேருக்காக ஒரு பஸ்ஸுன்னா மேல ஒத்துக்க மாட்டாங்க. எத்தனை பேர் ஏறறாங்கன்னு பாத்துதான் பணம் ஒதுக்குவாங்க."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. செல்வமேரி வெறும் பிளாஸ்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சொன்னது காதில் விழுந்துவிட்டது. உள்ளே இறங்க நேரம் பிடித்தது.

அப்போது கரீம் பாயின் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போனது. மடியில் மடியாக ஷீலாவும் மற்றவர்களும். சொன்னபடி செய்துவிட்டோம் என்பதுபோல ஷீலா கையை ஆட்டினாள்.

"மேடம், அதோ! அவங்க எங்க ஆளுங்க மேடம். தெனம் இதுலதான் வருவாங்க. நான்தான் இன்னிக்கு ஏறாதீங்கன்னேன். உங்களுக்கு எடம் வோணும்னு..."

ஸ்ம்ருதி ஆட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆட்டோ ஓடுதுன்னா, வேற வசதி இருக்குன்னு அதையும் நான் குறிக்கணுங்க்கா."

"இன்னொரு நாள் வாங்க. சொல்லாம கொள்ளாம வாங்க."

"நாள் போடறது நான் இல்லக்கா. நீங்க சொன்னத கீழ எழுதிடறேன். ஆனா எல்லா ஊர்லயும் இதத்தான் சொல்றாங்க."

சவுரிமுத்து திரும்பவே இல்லை. அவன் பிடரி மட்டும் தெரிந்தது. தாம்பரத்தில் கம்பியைப் பிடித்து மெல்ல இறங்கியவன், "சாயங்காலம் வரேன்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் சொல்லவில்லை. பஸ்ஸை நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும், பெண்களைக் கூட்டிக்கொண்டு அவள் ஆபீஸுக்குப் போய் நின்றாள். அடுத்த திட்டத்தில் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அதைச் சொன்னபோதும் அவன் தலையை மட்டும் ஆட்டினான். ஒரு தடவை திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. திட்டுகிறவனிடம் அழலாம். பேசாமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிறவனிடம் என்ன செய்வது?

"கேளம்பாக்கம் பக்கம் போட்டுட்டாங்கக்கா என்னை. இன்னியோட இங்க வண்டி கெடையாது" என்று ஒரு சனிக்கிழமை ஜீவானந்தம் சொல்லிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை காலை எல்லோரும் பழக்கத்தில் நிறுத்தத்துக்கே வந்து நின்றார்கள். யார் பேச்சைக் கேட்டு அன்று ஏறாமல் இருந்தோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. செல்வமேரியின் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார்கள். சவுரிமுத்துவும் சாப்பாட்டுப் பையோடு வந்திருந்தான்.

கரீம் பாயின் ஆட்டோ வந்தது. எல்லோரும் ஏறியும் ஏறாமலும் தயங்கினார்கள். கரீம் இறங்கி வந்தார்.

"முத்து, வாப்பா. எப்படியாச்சும் அட்ஜஸ் பண்ணிக்கலாம். ரெண்டு பேரு தூக்கிவுட்டா ஏறிடுவ."

உள்ளே இருந்த ஷீலா அவசரமாகக் கீழே குதித்தாள்.

"அண்ணா, நான் எறங்கிக்கறேன். நீங்க காலை நீட்டி குந்துங்க."

சவுரிமுத்து அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"எத்தினி நாளைக்கும்மா எறங்குவ?"

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினான்.

செல்வமேரி அங்கேயே நின்றாள். பின்னால் போகலாம். போய் என்ன சொல்வது? சானடோரியம் பக்கத்தில் அவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனியில் நேரமானால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். இனி வீட்டில் ஒரு சம்பளம்தான்.

"ஏறும்மா" என்றார் கரீம், தணிந்த குரலில்.

ஏறினாள். யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள். எதிரே இருந்தவளின் முட்டி இவள் முட்டியில் இடித்தது. ஆட்டோ நகர்ந்தபோது பின்பக்கத் திறப்பில் அவன் தெரிந்தான். கையால் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்து, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தான்.