கியர்பாக்ஸ் அண்ணி

செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, பானெட்டில் இரண்டு கைகளையும் ஊன்றித் தள்ளினால்தான் அந்தக் கார் வாசலைவிட்டு நகரும். ரிவர்ஸ் கியர் செத்து மாதக்கணக்காகிறது. முன்னால் போகச் சொன்னால் முக்கி முனகியாவது போகும். பின்னால் மட்டும் மாட்டேன் என்றுவிடும். அதனால் தினமும் காலையில் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் ராஜா மாதிரி உட்கார்ந்து நியூட்ரலில் போடுவார், அவள் தெருவுக்குத் தள்ளுவாள். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். கெடுத்தவள்தானே தள்ள வேண்டும்?

அவள்தான் கெடுத்தாள் என்று முடிவாகி ஆறு வருடமாகிறது. அப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். கடைவாசலில் கார் முழுதாக நிற்பதற்குள் ரிவர்ஸ் போட்டுவிட்டாள். அடியில் 'டொக்' என்று ஓர் உதை. "போச்சு! கியர்பாக்ஸையே காலி பண்ணிட்டியே!" என்றார். அவ்வளவுதான், சாவி அவர் சட்டைப் பைக்குள் போய்விட்டது. கொழுந்தன் 'கியர்பாக்ஸ் அண்ணி' என்று பெயரே வைத்துவிட்டான். நல்லது கெட்டது பாராமல் நாலு பேர் நடுவில் அப்படித்தான் கூப்பிட்டான். அவளும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள். சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்தால்கூட, பெற்ற மகளே, "அம்மா ரிவர்ஸ் போட்டுட்டாங்க" என்றாள்.

அந்த வருடமே ஊருக்கு வெளியே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாளராக வரச் சொல்லி அவளைக் கூப்பிட்டார்கள். விடியும் முன்னே போக வேண்டும். அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது. காரைக் கேட்கலாம்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பாள்? வரவில்லை என்று சொல்லிவிட்டாள். இன்றுவரை தெருமுனை கிளினிக்கில்தான் யார் யாருடைய கையிலோ நரம்பு தேடிக்கொண்டிருக்கிறாள்.

இன்று சிக்னலில் வீட்டுக்காரர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோது இன்ஜின்தான் அலறியது, கார் நகரவில்லை. எப்படியோ ஊர்ந்து ஒர்க்‌ஷாப் வந்து சேர்ந்தார்கள். மெக்கானிக் கியர் ஆயிலைத் துணியில் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"கருகின வாடை வருதே. எப்பத்துல இருந்து சார் இந்தத் தொந்தரவு?"

"அது ரொம்ப நாளாவே இருக்குங்க. எங்க சின்னவன் பொறந்த சமயத்துலயே ரிவர்ஸ் போட்டா 'டொக்'குன்னு உதைக்கும். அப்பவே ஒருத்தர் பிரிச்சுப் பார்க்கணும்னாரு. நான்தான் ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு விட்டுட்டேன்."

சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் அவள் லைசென்ஸே வாங்கினாள். அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவர் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. அடப்பாவி மனுஷா, பழி போட்டவருக்குப் போட்டதாவது ஞாபகம் இருக்கக் கூடாதா?

"வேற யாராச்சும் ஓட்டுவாங்களா சார்?"

"இவளா? இவளுக்கு அதெல்லாம் வராது."

மெக்கானிக்குக்குப் போன் வந்தது. "வண்டியப் பின்னால ஷெட்டுக்குள்ள தள்ளி வைங்க சார், இதோ வந்துடறேன்" என்று நகர்ந்தார். வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் டிரைவர் கதவுக்குப் போனார். அவள் அதற்குள் ஏறி உட்கார்ந்து, அவர் காலுக்குத் தள்ளிவைத்திருந்த சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், எறங்கு. நீ போய்த் தள்ளு."

"நீங்க தள்ளுங்க."

பெஞ்சில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டே முன்பக்கம் போனார். அவள் நியூட்ரலில் போட்டாள். வலது கால் பிரேக் மேலேயே இருந்தது.

தள்ளினார். கார் இம்மியும் அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. தேட வேண்டிய அவசியமே இல்லாத, நல்ல நரம்பு.

"நியூட்ரல்ல போட்டியாடி?"

"போட்டுட்டேங்க. நல்லாத் தள்ளுங்க."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு மறுபடி குனிந்தார். அவள் கண்ணாடியைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். ஷெட்டின் இருட்டுச் சுவரில் பிரேக் விளக்கு இரண்டும் சிவப்பாய் விழுந்து கிடந்தன.