மூன்றாவது சுற்றில் இறங்கியவள்

ஜப்பானின் மாட்ஸுயேயில் அன்று பெய்ததை மழை என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. சாப்பாட்டுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே என்பார்கள் அந்த ஊர்க்காரர்கள். இன்சூக் இரண்டையும் மறந்துவிட்டு, கோட்டை அகழியில் மெல்லப் போய்க்கொண்டிருந்த படகின் தரையில், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளோடு கொரியாவிலிருந்து வந்த சுற்றுலாக் கூட்டத்துக்கு அன்று ஓய்வு நாள். யார் எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம்.

பக்கத்தில் மால்சுன். பூசானில் இவளுக்கு எதிர் ஃபிளாட். வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டிலேயே முடங்கிக் கிடந்தவளை இந்தப் பயணத்துக்குக் கையைப் பிடித்து இழுத்து வந்த புண்ணியவதி. அகழியின் இரு கரையிலும் பைன் மரங்கள் தண்ணீரைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்திருந்தன. ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்று படகையே பார்த்தது. பனிமூட்டத்தில் கோட்டை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. இதையெல்லாம் பார்க்க வேண்டிய மால்சுன், நேற்றுச் சாப்பிட்ட சிப்பி சூப்பில் உப்பு போதவில்லை என்பதைப் பற்றி ஒரு சுற்று முழுக்கப் பேசினாள்.

அகழியின் குறுக்கே நாலைந்து தாழ்வான பாலங்கள் உண்டு. அவை வரும்போது படகின் கூரையே கீழே இறங்கி வரும். ஏழையோ பணக்காரனோ, எல்லோரும் முழங்காலில் நெற்றி படும்படி குனிந்தே ஆக வேண்டும். அந்த இருட்டில் தண்ணீரின் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். கூரை மறுபடி உயர்ந்ததும் வேறு ஊருக்குள் வந்துவிட்டது போலிருக்கும்.

முதல் சுற்று முடிந்ததும் மால்சுன் இனிப்பு வாங்க இறங்கிவிட்டாள். நாள் முழுக்கச் செல்லும் சீட்டு கையில் இருந்ததால் இன்சூக் படகிலேயே இருந்துகொண்டாள். காரணம் வேடிக்கை பார்ப்பதில் இருந்த ஆசை அல்ல. வடக்குப் படித்துறையில் இறங்கி மேலே ஏறினால் மூன்றாவது சந்தில் நோரியேயின் வீடு. பத்தொன்பது வருடம் உறைமேல் எழுதி எழுதி மனப்பாடமான விலாசம். அந்தக் கதவைத் தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல்தான் அவள் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பூசான் துறைமுகத்தில் கப்பல் சீட்டு கொடுக்கும் ஜன்னலில் இன்சூக் இருந்த காலத்தில், ஊழியர்களுக்கு ஜப்பானியப் பேச்சு சொல்லிக்கொடுக்க வந்தவள் நோரியே. கணவர் கெய்சோவுக்கு அங்கே மீன் கம்பெனியில் வேலை. நாலு வருடம் மூவரும் ஞாயிறு தவறாமல் மீன் சந்தையைச் சுற்றினார்கள். பிறகு இன்சூக் வீட்டில் கெய்சோ காரக் குழம்பைக் குடித்துவிட்டு, மண்டையெல்லாம் வியர்வை வழிய, காரமே இல்லை என்று சாதிப்பார். ஊர் திரும்பிய பிறகும் நோரியே கொரிய எழுத்தில் கடிதம் எழுதினாள். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இரண்டு பக்கமும் வாழ்த்து அட்டை போகும், வரும்.

மூன்று வருடத்துக்கு முந்தைய டிசம்பரில் வந்தது வேறு மாதிரி அட்டை. சாம்பல் ஓரம், அச்சடித்த ஜப்பானிய எழுத்து, கையால் ஒரு வரிகூட இல்லை. இன்சூக்குக்கு ஜப்பானியம் பேச வரும், அதில் கலந்து எழுதும் சீன எழுத்துகளைப் படிக்க வராது. ஆபீசில் கூட வேலை பார்த்த, அதைப் படிக்கத் தெரிந்த குவாக்கிடம் காட்டினாள். அவன் கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிக்கொண்டே பெரிய எழுத்துகளை மட்டும் பார்த்து, "இனிமே உங்க புத்தாண்டு வாழ்த்து வேணாமாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஆனால் அவன் சொன்னதை மூன்று வருடம் நெஞ்சில் வைத்து அடைகாத்தவளுக்கு என்ன பேர் வைப்பது? போன் செய்து கேட்டிருக்கலாம். வேண்டாம் என்றவளிடம் போய் ஏன் வேண்டாம் என்று கேட்க அவளை ரோஷம் விடவில்லை.

இரண்டாவது சுற்றிலும் வடக்குத் துறை வந்தது, போனது. இன்சூக் எழுந்திருக்கவில்லை. மேகம் கொஞ்சம் விலகி வெயில் தண்ணீரில் விழுந்தது. யார் வீட்டிலிருந்தோ அரிசி வேகும் வாசனை வந்தது. உள்ளே போகாமல் இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால், நோரியே தன்னை இன்னும் வெறுக்காதது போலவே இருக்கும் என்று தோன்றியது. அரைத் தூக்கத்தில் கெய்சோவின் சிரிப்புகூடக் கேட்டது.

மூன்றாவது சுற்றிலும் கூரை இறங்கி ஏறியபோது படகோட்டி திரும்பிப் பார்த்தார். வெயிலில் கறுத்த, பல் விழுந்த மனிதர்.

"எங்க ஊர்ப் பாலத்துக்கு இவ்வளவு கும்பிடு யாரும் போட்டதில்லைங்க," என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் விஷயமும் வெளியே வந்துவிட்டது. அடுத்த துறையில் ஒரு சிநேகிதி இருப்பதையும், அவள் தன்னை வேண்டாம் என்று எழுதிவிட்டதையும் சொன்னாள்.

"வேணாம்னு சொல்ல அவங்களுக்கு வாய் இருக்குல்ல? அதையும் நீங்களே எதுக்குச் சொல்லிக்கிறீங்க?" என்றபடி அவர் படகைத் துறையில் ஒட்டினார். சொல்லிவிட்டு, இறங்குகிறாளா என்றுகூடப் பார்க்கவில்லை. அவள் இறங்கினாள்.

கதவைத் திறந்த நோரியேயின் தலை முழுக்க நரைத்திருந்தது. அவள் வாசல்படியில் மண்டியிட்டு, தூரத்திலிருந்து வந்ததற்கு நன்றி என்று முறைப்படி சொல்லி உள்ளே அழைத்தாள். பச்சைத் தேயிலைப் பொடியை வெந்நீரில் கடைந்து இனிப்போடு வைத்தாள். அதை வைத்து எதையும் கணிக்க முடியாது. அந்த ஊரில் தபால்காரர் வந்தாலும் தேநீர் கிடைக்கும். மழையைப் பற்றிப் பேசினார்கள். ஏரியில் சிப்பி குறைந்துவிட்டதைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு தீர்ந்ததும் இன்சூக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நான் என்ன தப்புப் பண்ணேன்?"

நோரியே நிமிர்ந்து பார்த்தாள். "அதை நான்ல உன்கிட்ட கேக்கணும்," என்றாள்.

இன்சூக் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். எப்போதாவது நேரில் முகத்துக்கு முன்னால் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தது. நோரியே அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு அடியில் இருந்த பொடி எழுத்தை விரலால் தொட்டு, வரிவரியாகக் கொரிய மொழியில் சொன்னாள். கணவர் கெய்சோ, அக்டோபரில், அறுபத்தெட்டாவது வயதில் காலமானார்.

இழவு விழுந்த வீட்டில் அந்த வருடம் புத்தாண்டு கிடையாது. அதனால் வாழ்த்து அனுப்ப வேண்டாம் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் டிசம்பருக்குள் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவர்கள் வழக்கம். அட்டை கிடைத்தவர்கள் ஜனவரிக் குளிரில் ஆறுதலாக நாலு வரி எழுதுவார்கள்.

"எனக்குக் கையால எழுதத் தெம்பில்ல. அச்சடிச்சதையே உனக்கும் போட்டுட்டேன். அது என் தப்பு," என்றாள் நோரியே. "ஆனா எல்லாரும் எழுதினாங்க. பல் டாக்டர்கூட எழுதினார். நான் தினம் தபால் பெட்டியைப் பாத்தேன். நீ எழுதல."

இன்சூக் ஒரு சாவுச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வருடம் மானம் பார்த்திருக்கிறாள். செத்தவரோ, தன் வீட்டுக் காரக் குழம்பை மூக்கொழுகக் குடித்தவர். எதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. குவாக்கின் பேரைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

"அவர் எங்க இருக்கார்?" என்று மட்டும் கேட்டாள்.

உள்ளறையில் கறுப்பு மரப் பூஜை மாடம் இருந்தது. படத்தில் கெய்சோ, ஏதோ சொல்லப் போகிறவர் மாதிரி வாயை லேசாகத் திறந்திருந்தார். நோரியே ஊதுபத்தியை ஏற்றிக் கொடுத்து, நட்டுவிட்டுக் கைகூப்பினால் போதும் என்றாள். இன்சூக் அதை நட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள். தன் ஊர்ப் பிரகாரம், இறந்தவருக்குச் செய்ய வேண்டிய முறையில், மண்டியிட்டு நெற்றி பாயில் படும்படி ஒரு முறை விழுந்தாள். எழுந்து இரண்டாவது முறையும் விழுந்தாள். அதிலிருந்து அவளால் எழ முடியவில்லை. "ஐகோ, ஐகோ" என்று அவள் ஊரில் பிணத்துக்கு முன்னால் அழுகிற மாதிரியே வாய்விட்டு அழுதாள்.

அந்த வீட்டில் அதுவரை யாரும் அப்படி அழுததில்லை. சாவன்றுகூட நோரியே வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் குனிந்து நன்றி சொல்லிவிட்டு, இரவில் தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்தவள்.

அவள் பதறிப்போய் இன்சூக்கின் முதுகில் கை வைத்தாள். "மெதுவா, மெதுவா. பக்கத்து வீட்டுல கேக்கும்," என்றாள்.

முதுகு குலுங்குவது நிற்கவில்லை. நோரியேயின் கையும் அதோடு சேர்ந்து குலுங்கத் தொடங்கியது.

"கேக்கட்டும்," என்றாள் நோரியே. அவளும் சத்தமாக அழுதாள்.